இனாம் அல்ல, உரிமை

பாலாற்றங்கரையிலும் அதனை அடுத்தும் உள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிட்டும் பாதரட்சை தைத்தும் ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் பல்லாயிரம். இத்தொழிலுக்கு வேண்டியவை யாவை என்று முன்னாளில் கேட்டிருந்தால், பச்சைத் தோல், உப்பு, சுண்ணாம்பு, ஆவாரம் பட்டை, கடுக்காய், தண்ணீர், கைத்தேர்ச்சி என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லியிருப்பார்கள். இன்று அவ்வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. அது கணினியில் ஓடும் மென்பொருள். கண்ணுக்குப் புலப்படாத இச்சரக்கைக் குறித்து நமது தொழிலதிபர்களும் கணக்கர்களும் போதிய சிரத்தை காட்டவில்லை என்பது நமது அபிப்பிராயம். இந்த அசிரத்தையால் விளையக்கூடிய நஷ்டம் சிறிதன்று.

மென்பொருள் இன்றித் தொழில் நடத்த இயலாது என்ற நிலையைச் சட்டமே உண்டாக்கிவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வியாபாரிகள், பிற வியாபாரிகளுக்கு எழுதும் பட்டியல்களை 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 முதல் மின்னணு முறையில் பதிவு செய்தே தீரவேண்டும். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் மற்றொரு விதியும் அமுலுக்கு வந்தது. கணக்கெழுத மென்பொருளை உபயோகிக்கும் கம்பெனிகள், ஒருமுறை எழுதிய கணக்கை எவரேனும் திருத்தினால் இன்ன நாளில் இன்னது திருத்தப்பட்டது என்ற தடம் அழியாமல் நிற்கும்படியான மென்பொருளையே உபயோகிக்க வேண்டும் என்பது அவ்விதி. கழிவு நீரைப் பற்றியோவெனில், தோல் பதனிடும் சாலைகள் உள்ளிட்ட தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கருவிகளால் இடைவிடாது அளந்து அனுப்ப வேண்டுமென்று 2014-லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கட்டளையிட்டது. எனவே பெரிய ஏற்றுமதிக்காரர் முதல் சிறிய தோல்ஷாப்பு முதலாளி வரை யாவரும் இன்று மென்பொருளின் கைப்பிடியில் இருக்கிறார்கள்.

அந்த மென்பொருளை அடைவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஆண்டுதோறும் சந்தா கட்டிப் பிறருடைய மூடிய மென்பொருளை வாடகைக்கு எடுப்பது ஒரு வழி. திருட்டுப் பிரதியைக் கணினியில் ஏற்றிக்கொள்வது மற்றொன்று. இது வழியன்று, குற்றம். அறிந்தே திருட்டுப் பிரதியை உபயோகிப்பவருக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63-பி பிரிவில், 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைவாசமும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதித்திருக்கிறது. மூன்றாவது வழி திறமூல மென்பொருளைக் கைக்கொள்வது. எழுதியவர்கள் அதன் மூல நிரலை மறைக்காமல், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமம் கொடுத்து வெளியிடுகிறார்கள். இம்மூன்றாவது வழியைப் பற்றியே இன்று எழுதக் கருதுகிறோம்.

இது விஷயத்தில் இரண்டு தவறான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. ஒரு சாரார், "காசு கொடுக்காமல் வருவதற்கு ஷரத்து என்ன வேண்டிக் கிடக்கிறது? எடுத்துக்கொண்டு இஷ்டம்போல் செய்யலாம்" என்கிறார்கள். மற்றொரு சாரார், "அதைத் தொட்டால் நம் தொழில் ரகசியங்கள் அனைத்தையும் ஊராருக்குத் திறந்து காட்ட வேண்டியதாகிவிடும்" என்று அஞ்சி விலகுகிறார்கள். முன்னவர்கள் சட்டத்தை அறியாதவர்கள். பின்னவர்கள் உரிமப் பத்திரத்தைப் படிக்காதவர்கள். ஆங்கிலத்தில் விலையில்லாதது என்பதற்கும் விடுதலையுடையது என்பதற்கும் ஒரே சொல் வழங்குவதால் அந்நாட்டார் குழம்பினால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. இனாம் வேறு, உரிமை வேறு என்று இரு சொற்களைத் தனித்தனியே வைத்திருக்கும் தமிழர் குழம்புவதற்கு நியாயமே இல்லை.

முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். நமது பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்போடு சேர்த்தே வைத்திருக்கிறது. கதை எழுதியவருக்கு அக்கதையில் என்ன பாத்தியதை உண்டோ, நிரல் எழுதியவருக்கு அந்நிரலில் அதே பாத்தியதை உண்டு. அவர் அனுமதியின்றிப் பிரதி எடுப்பதும் திருத்துவதும் விநியோகிப்பதும் கூடா. திறமூல உரிமம் என்பது அவர் முன்கூட்டியே உலகத்தாருக்கெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்ட அனுமதிப் பத்திரம். தம் பாத்தியதையை அவர் கைவிடவில்லை. அந்தப் பாத்தியதையின் பலத்தால்தான் ஷரத்துகளை விதிக்கிறார். சட்டத்தின் 51-ஆவது பிரிவு, அனுமதியின்றிச் செய்வதை மட்டுமல்லாமல், கொடுத்த அனுமதியின் ஷரத்துகளுக்கு மாறாகச் செய்வதையும் உரிமை மீறல் என்றே சொல்லுகிறது. ஆகையால் ஷரத்தை மீறியவர் இனாம் பெற்றவராக மாட்டார். அனுமதியில்லாமல் எடுத்தவராகவே சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றுவார்.

இந்த ஏற்பாடு எவ்வாறு பிறந்தது? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், அங்கிருந்த அச்சு இயந்திரம் ஒன்றின் குறையைத் திருத்த அதன் மூல நிரலைக் கேட்டார். கொடுக்க மறுத்துவிட்டார்கள். தன் கையிலுள்ள இயந்திரத்தைத் தானே செப்பனிட முடியாத இந்தப் பராதீனத்தை வெறுத்த அவர், 1983-ஆம் ஆண்டில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989-இல் ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமம் முதன்முதலாக வெளியாயிற்று. 1991-இல் இரண்டாம் பதிப்பும் 2007-இல் மூன்றாம் பதிப்பும் வந்தன. இன்று உலகெங்கும் கணினிகளையும் கைப்பேசிகளையும் இயக்கும் லினக்ஸின் உட்கரு அந்த இரண்டாம் பதிப்பின் கீழ்தான் வழங்கப்படுகிறது.

திறமூல உரிமங்கள் பல இருப்பினும், அவற்றைப் பெரும்பாலும் இரண்டு வகையில் அடக்கிவிடலாம். ஒரு வகை, "எழுதியவர் பெயரையும் இப்பத்திரத்தையும் நீக்காதே, மற்றபடி உன் இஷ்டம்போல் செய், திருத்தியதை மூடி விற்பதானாலும் விற்றுக்கொள்" என்பது. எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி என்பவை இவ்வகையைச் சேர்ந்தவை. மற்றொரு வகை, "எடுத்துக்கொள், திருத்து, விலைக்கும் விற்றுக்கொள், ஆனால் நீ பெற்ற உரிமையை உன்னிடம் பெறுகிறவனுக்கும் கொடு, மூல நிரலை மறைக்காதே" என்பது. ஜி.பி.எல். இவ்வகை. முன்னது எடுப்பவனை நம்பி விட்டுவிடுகிறது. பின்னது அவனுக்குப் பின்னால் வருகிறவனையும் பாதுகாக்கிறது.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே என்னும் ஸ்தாபனம் வெளியிட்டுள்ள ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் என்ற மென்பொருள், கொள்முதல், சரக்கிருப்பு, உற்பத்தி, கணக்கு ஆகிய யாவற்றையும் ஒருங்கே நடத்தும் திறமுடையது. அது ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் கீழ் வழங்கப்படுகிறது. ஆனால் அது எந்தச் சட்டகத்தின்மீது கட்டப்பட்டிருக்கிறதோ அந்தச் சட்டகம் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. ஒரே ஸ்தாபனம், ஒரே கட்டடம்; அஸ்திவாரத்திற்கு ஒரு ஷரத்து, மேல்மாடிக்கு ஒரு ஷரத்து! பெல்ஜியம் நாட்டு ஓடூ என்ற மென்பொருளிலோ, ஒரு பதிப்பு திறந்தது. அதற்கு மேல் பல வசதிகள் சேர்ந்த மற்றொரு பதிப்பு மூடியது. பெயர் ஒன்றாக இருப்பதைக் கண்டு ஷரத்தும் ஒன்றென்று மயங்கலாகாது.

இனி, அஞ்சி விலகுகிறவர்களுக்குச் சமாதானம் சொல்வோம். ஜி.பி.எல். மென்பொருளை ஒருவர் தம் தொழிற்சாலைக்குள் உபயோகிப்பதற்கு எவ்விதக் கட்டாயமும் இல்லை. எத்தனை கணினிகளில் ஏற்றினாலும் கேட்பாரில்லை. தம் தேவைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டு தமக்குள்ளேயே வைத்திருந்தாலும் அத்திருத்தத்தை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. மூல நிரலைக் கொடுக்கும் கடமை, மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போதுதான் பிறக்கிறது. மேலும், உரிமம் கட்டுப்படுத்துவது நிரலைத்தானே அன்றி அதில் எழுதப்படும் கணக்கை அன்று. ஒரு தோலுக்கு எவ்வளவு குரோமியம், எந்தச் சாயம், எந்த வெளிநாட்டார் என்ன விலைக்குக் கேட்டார் என்பவை முதலாளியின் சொந்த விஷயங்கள். பேரேட்டின் தாளைச் செய்த ஆலைக்காரர் பேரேட்டில் எழுதிய வரவுசெலவுக்குப் பாத்தியதை கொண்டாடுவதில்லை அல்லவா?

நமது தோல் வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கக்கூடிய ஷரத்து ஒன்று ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பின் இரண்டாவது பிரிவில் இருக்கிறது. இப்பகுதியில் கூலிக்குப் பதனிடும் வழக்கம் எல்லோரும் அறிந்தது. ஏற்றுமதிக்காரர் தோலைக் கொடுக்கிறார்; ஷாப்புக்காரர் பதனிட்டுத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்கிறார். தோல் கைமாறியும் உடைமை மாறுவதில்லை. அதைப் போலவே, மென்பொருளைத் தமக்காக மட்டும் திருத்தித் தரும்படி வெளியார் ஒருவரிடம் கூலிக்குக் கொடுப்பதை அப்பிரிவு அனுமதிக்கிறது. திருத்துபவர் கொடுத்தவரின் மேற்பார்வையில், அவருக்காக மட்டுமே வேலை செய்யவேண்டும். கொடுத்தவருடைய சொந்த எழுத்தைத் தம் உபயோகத்திற்குப் பிரதி எடுத்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவுதான். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டால் ரகசியம் போய்விடுமே என்ற பயத்திற்கு இடமில்லை.

அலட்சியம் செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலூரிலோ சென்னையிலோ உள்ள ஒரு மென்பொருள் வியாபாரி, ஈ.ஆர்.பி.நெக்ஸ்டின் நிரலைத் திருத்தித் தோல் தொழிலுக்கு ஏற்றதாக்கி, வேறு பெயர் சூட்டி, ஆம்பூரில் ஒரு ஷாப்புக்காரருக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விற்பது குற்றமன்று. எவ்வளவு விலை வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் வாங்கியவருக்குத் திருத்திய மூல நிரலையும் உரிமப் பத்திரத்தையும் கொடுப்பது அவருடைய கடமை. வாங்கியவர் அதை வேறொருவரிடம் கொடுத்து மேலும் திருத்திக்கொள்வதை அவர் தடுக்க முடியாது. இந்த உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பதை வாங்கியவரே அறியாவிட்டால் யார் வந்து சொல்லப் போகிறார்கள்? விற்றவர் கடையை மூடிக்கொண்டு போய்விட்டாலும், நிரல் கையில் இருந்தால் வேறொரு தேர்ந்த வாலிபரைக் கொண்டு தொழிலை நடத்தலாம். நிரல் இல்லாவிட்டால் பல ஆண்டுக் கணக்கும் பூட்டிய பெட்டிக்குள் அகப்பட்டுக்கொள்ளும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அதே வியாபாரி மென்பொருளைத் தம்முடைய கணினியிலேயே வைத்துக்கொண்டு, இணையத்தின் வழியாக உபயோகிக்க மட்டும் இடங்கொடுத்தால், பிரதி கைமாறவில்லை. ஆகவே ஜி.பி.எல். படி நிரலைக் கொடுக்கும் கடமையும் எழவில்லை. இந்தச் சந்தை அடைப்பதற்காகவே 2007-இல் ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தது. திருத்திய மென்பொருளை வலையின் வழியே உபயோகிப்பவருக்கும் அதன் மூல நிரல் கிடைக்கச் செய்யவேண்டும் என்பது அதன் ஷரத்து. ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் இருப்பது ஜி.பி.எல்லின் கீழ், ஏ.ஜி.பி.எல்லின் கீழ் அன்று. எனவே வலை வழியாகச் சேவை பெறுகிறவர்கள், தங்கள் கணக்கையும் திருத்திய நிரலையும் கேட்டபோது ஒப்படைக்க வேண்டும் என்று தனியே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே விவேகம்.

உரிமம் தருவதைச் சொன்னோம், தராததையும் சொல்லவேண்டும். திறமூல உரிமங்கள் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. மென்பொருள் பிழைபட்டு நஷ்டம் நேர்ந்தால் எழுதியவர் பொறுப்பல்ல என்று பத்திரத்திலேயே கண்டிருக்கிறது. உத்தரவாதம் வேண்டுவோர் பராமரிப்பவரிடம் காசு கொடுத்துத் தனியே பெறவேண்டும். இரண்டாவதாக, நிரலை எடுக்க அனுமதி உண்டென்பதால் அதன் பெயரையும் சின்னத்தையும் எடுக்க அனுமதி உண்டென்று ஆகாது. வியாபாரச் சின்னம் வேறு சட்டத்தைச் சேர்ந்தது. மூன்றாவதாக, உரிமம் நாட்டுச் சட்டத்திலிருந்து விலக்கு அளிப்பதில்லை. திருத்தத் தடம் அழியலாகாது என்ற கணக்கு விதியை மேலே சொன்னோம். திறமூல மென்பொருளில் அத்தடத்தை நீக்கிவிடும்படி நிரலைத் திருத்த உரிமம் குறுக்கே நிற்காது. ஆனால் கம்பெனிச் சட்டம் குறுக்கே நிற்கும்! எழுதியவர் கொடுத்த சுதந்திரத்தைக் காட்டிச் சர்க்காரிடம் தப்ப முடியாது.

நான்காவதாக, இன்று திறந்திருக்கும் கதவு நாளையும் திறந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. முழுப் பதிப்புரிமையையும் தன்னிடம் வைத்திருக்கும் ஸ்தாபனம் அடுத்த பதிப்பை வேறு ஷரத்தில் வெளியிடலாம். 2023-இல் அமெரிக்காவின் ஹாஷிகார்ப் ஸ்தாபனம் டெராஃபார்ம் என்ற தன் மென்பொருளை இவ்வாறே திறமூல உரிமத்திலிருந்து விலக்கிற்று. ஆயினும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பதிப்பைத் திரும்பப் பிடுங்க முடியவில்லை. அப்பதிப்பிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற புதுக்கிளையை உபயோகிப்பவர்களே கிளப்பி நடத்தி வருகிறார்கள். 2024-இல் ரெடிஸ் என்ற மென்பொருளுக்கும் இதுவே நேர்ந்து, வால்கி என்ற கிளை பிறந்தது. இனாமாகப் பெற்றவன் கொடுத்தவன் மனம் மாறினால் கைபிசைந்து நிற்பான். உரிமையாகப் பெற்றவன் தன் வழியைத் தானே தொடருவான்.

இவையெல்லாம் காகிதத்தில் எழுதிய ஆசை வார்த்தைகள்தாமே, நியாயஸ்தலத்தில் நிற்குமா என்று கேட்கலாம். நின்றிருக்கின்றன. 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஜி.பி.எல். ஷரத்தை மீறிய கம்பெனிக்கு எதிராகத் தடையுத்தரவு பிறப்பித்தது. 2008-இல் அமெரிக்காவில், பொம்மை ரயில்களை ஓட்டும் ஒரு சிறு மென்பொருளைப் பற்றிய வழக்கில், விலை வாங்காமல் கொடுத்தாலும் ஷரத்து ஷரத்தே என்று மேல் நீதிமன்றம் தீர்மானித்தது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல் முறையீட்டு நீதிமன்றம், ஆரஞ்சு என்ற பெரிய தந்திக் கம்பெனி ஒரு சிறு ஸ்தாபனத்தின் ஜி.பி.எல். மென்பொருளை ஷரத்துக்கு விரோதமாக உபயோகித்ததற்கு நஷ்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. தவறியவர் உடனே பாழாய்ப்போவார் என்பதும் இல்லை. ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பில், முதன்முறை தவறியவர் அறிவிப்புப் பெற்ற 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் இழந்த உரிமை மீண்டுவிடும்.

நமது சட்டத்தில் வக்கீல்கள் ஆராய வேண்டிய சிக்கல் ஒன்றுண்டு. 19-ஆவது பிரிவும் 30-ஏ பிரிவும் சேர்ந்து, அனுமதிப் பத்திரத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளச் சொல்லுகின்றன. அப்பாச்சி உரிமம் என்றென்றைக்கும் என்று சொல்லுகிறது. ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு பதிப்புரிமை உள்ளவரை என்று சொல்லுகிறது. எம்.ஐ.டி. உரிமமோ காலத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. உலகத்தார் நம்பிக்கையோடு உபயோகிக்கும் ஒரு பத்திரத்திற்கு நம் நாட்டில் மட்டும் ஐயம் ஏன் இருக்க வேண்டும்? பொதுமக்களுக்கென்று கொடுக்கப்படும் இத்தகைய உரிமங்களுக்கு 19-ஆவது பிரிவின் காலவரையறை பொருந்தாது என்று பார்லிமெண்டு ஒரு வரி சேர்த்துவிட்டால் சங்கடம் தீர்ந்துவிடும்.

தோல் ஊர்களுக்கு இவ்விஷயம் மற்றவர்களைவிட ஏன் அதிகம் உறைக்க வேண்டும்? அவர்கள் பழைய சரித்திரத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் பேடண்டு பெற்றார். 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் என்பவர் மற்றொரு முறைக்குப் பெற்றார். பிலடெல்பியாவின் ஆலைகள் செழித்தன. நமது ஆட்டுத்தோல் பச்சையாகவே கப்பலேறியது. பட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பதனிட்டு வந்த சென்னை மாகாணத்து ஷாப்புகள் வாடின. 1903 முதல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமிய முறையைப் பழக்க முயன்றார். சர்க்கார் தொழில் நடத்துவதாவது என்று 1910-இல் இந்தியா மந்திரி மார்லி பிரபு அத்தகைய முயற்சிகளுக்கு முட்டுக்கட்டை போட்டார். தோல் நம்முடையது, வித்தை பிறருடையது என்ற அந்த அவமானம் நீங்க எத்தனையோ ஆண்டுகள் ஆயின. 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும் இதன் பொருட்டேயாம். இன்று வித்தை பீப்பாயில் இல்லை, நிரலில் இருக்கிறது. அளவும் வெட்டும் கணக்கும் பட்டியலும் பிறர் பூட்டிய நிரலுக்குள் இருக்குமாயின் பழைய கதை வேறு உருவில் திரும்பிவரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தக் குரோமிய வித்தை பேடண்டின் பூட்டு நீங்கிப் பொதுவானபோது நாம் அதை எப்படிக் கையாண்டோம்? பாலாறும் பொது, நிலத்தடி நீரும் பொது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். திருப்பிக் கொடுத்தது கழிவை. இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவோ முழுவதுமோ பயிரிடத் தகாததாயிற்று என்று 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதிய தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துக்காட்டி, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியதியை வற்புறுத்திற்று. 2025 ஜனவரி 30-ஆம் தேதியும் அதே கோர்ட்டு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஈடு கொடுத்துப் பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கும்படி சர்க்காருக்குக் கட்டளையிட்டது. பொதுச் சொத்துக்கு நிபந்தனை இல்லாவிட்டால் வலுத்தவன் எடுத்துக்கொள்வான், எளியவன் இழப்பான் என்பதற்குப் பாலாற்றைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை. ஜி.பி.எல்லின் ஷரத்தைக் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் அந்த மணற்படுகையை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். எடுத்தவன் கொடுக்கவும் வேண்டும் என்ற கட்டுப்பாடே பொதுவைப் பொதுவாக நிலைநிறுத்துவது.

சர்க்காருக்கும் இதில் கடமை உண்டு. 2005-இல் சென்னையிலேயே திறமூல மென்பொருளுக்கென்று தேசிய ஆதார மையம் ஏற்பட்டது. அதன் முயற்சியில் பாஸ் என்னும் லினக்ஸ் வெளிவந்தது. 2015-இல் மத்திய சர்க்கார், தன் இலாகாக்களில் திறமூல மென்பொருளுக்கு முதலிடம் என்றும், சர்க்கார் எழுதும் மென்பொருளின் நிரலைத் திறப்பது என்றும் இரண்டு கொள்கைகளை வெளியிட்டது. கொள்கை காகிதத்தில் இருந்தால் போதாது. ஜனங்கள் குடிக்கும் தண்ணீரின் நிலையைச் சொல்லும் கழிவுநீர்க் கண்காணிப்பு மென்பொருளிலிருந்து இதைத் தொடங்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. அளக்கும் கருவி சரியாக அளக்கிறதா, எண் வழியில் மாறுகிறதா என்பதைக் குடியானவரின் பிரதிநிதியும் ஷாப்புக்காரரின் பிரதிநிதியும் ஒருங்கே பரிசோதிக்க நிரல் திறந்திருப்பதே உத்தமம். பொதுப் பணத்தில் எழுதியது பொதுவுக்கே உரியது.

தொழிலதிபர்களின் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. ஜி.பி.எல். முதலிய உரிமங்களின் சட்டபூர்வமான வாசகம் ஆங்கிலமே. மொழிபெயர்ப்பு விளக்கத்திற்கு உதவுமே அன்றிக் கோர்ட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் விளக்கந்தானே இப்பொழுது வேண்டியிருக்கிறது? வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியிலும் ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரியிலும் வேலூரின் கலாசாலைகளிலும் கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களும் வக்கீல்களும் கூடி இவ்வுரிமங்களின் சாரத்தைத் தமிழிலும் உருதுவிலும் சிறு பிரசுரமாக வெளியிடலாம். சிறு ஷாப்புகள் பல சேர்ந்து பொதுவாக ஒரு நிரலாளரை அமர்த்திக்கொள்ளலாம். பல ஷாப்புகளின் கழிவு நீருக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையத்தைக் கூடி நடத்தத் தெரிந்தவர்களுக்கு இது அரிதான காரியமன்று.

எந்த மென்பொருளையும் ஏற்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்கும்படி நேயர்களை வேண்டுகிறோம். இது எந்த உரிமத்தின் எந்தப் பதிப்பின் கீழ் வருகிறது? திருத்திய மூல நிரல் எம் கைக்கு வருமா? எம் கணக்கை முழுவதும் எடுத்துக்கொண்டு வெளியேற வழி உண்டா? நாங்கள் இதைப் பிறருக்குக் கொடுத்தால் எங்கள் கடமை என்ன? முதல் மூன்றும் உரிமையைப் பற்றியவை. நான்காவது கடமையைப் பற்றியது. தோலை வாங்கும்போது கையால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, ஈக்கடி முதல் கத்திக்காயம் வரை பார்த்து விலை பேசும் நமது வியாபாரிகள், உரிமப் பத்திரத்தையும் அவ்வாறே புரட்டிப் பார்த்தபின் கையெழுத்திடுவார்களாக.